கூகி வா தியாங்கோவின் நாவல்களில் மொழியும் கேட்போரும்

ஆப்பிரிக்க நாவல் குறித்துத் தமிழில் நிகழும் உரையாடல்களில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் பெயர் பெரும்பாலும் ஒரே செய்தியோடு இணைத்தே சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஒருவர் அம்மொழியைத் துறந்து, தம் தாய்மொழியாகிய கிகூயுவில் எழுதத் தொடங்கினார் என்பதே அச்செய்தி. தாய்மொழிப் பற்றுக்குச் சான்றாக அவர் பெயர் மேடைகளில் எடுத்தாளப்படுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மேடையில் சான்றாகிவிடும் எழுத்தாளருக்கு ஓர் இடர் உண்டு. அவருடைய நிலைப்பாடு எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய நாவல்களைப் படித்தவர் சிலராகவே இருப்பர். 2025ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் கூகி தமது 87ஆம் வயதில் மறைந்ததை அடுத்து அவரது படைப்புலகை ஒருமுறை முழுமையாக நோக்குவது தேவையாகிறது. மொழியை மாற்றியதால் அவருடைய நாவலின் கட்டமைப்பில் நேர்ந்த மாற்றம் யாது? அந்த நாவல் யாரை முன்னிறுத்திப் பேசுகிறது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நிலமும் பள்ளியும்

கூகி 1938ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் லிமுரு நகரை அடுத்த கமிரீத்து என்னும் ஊரில் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் ஜேம்ஸ். தொடக்க கால நாவல்கள் ஜேம்ஸ் கூகி என்ற பெயரிலேயே வெளிவந்தன. லிமுரு, குளிர்ந்த மேட்டுநிலம். கிகூயு மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்கள் அங்கே வெள்ளையரின் தேயிலைத் தோட்டங்களாயின. நிலத்தை இழந்தவர்கள் அதே நிலத்தில் கூலிகளாயினர். கூகியின் முதல் நாவலில் வரும் கொத்தோ என்னும் முதியவர், தம் முன்னோர் நிலத்தை வெள்ளை முதலாளிக்காகக் காத்து வருகிறார். அந்நிலம் என்றேனும் தம்மிடம் திரும்பும் என்பது அவர் நம்பிக்கை. அந்தக் காத்திருப்பிலிருந்தே கூகியின் புனைவுலகம் பிறந்தது எனலாம்.

1952 அக்டோபரில் கென்யாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கூகியின் சகோதரருள் ஒருவர் காட்டிற்குச் சென்று மாவ் மாவ் போராளிகளோடு இணைந்தார். காது கேளாத மற்றொருவர், நிற்குமாறு படையினர் இட்ட ஆணை செவியில் விழாமையால் சுட்டுக் கொல்லப்பட்டார். தாயார் காவற்சாவடியில் வதைக்கப்பட்டார். 1955இல் புகழ்பெற்ற அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த கூகி, முதற்பருவம் முடிந்து விடுமுறைக்கு வந்தபோது தம் ஊரைக் காணவில்லை. வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டு, மக்கள் வேலியிட்ட புதிய குடியிருப்புக்குள் அடைக்கப்பட்டிருந்தனர்.

இவ்விடத்தில் மலேசிய வாசகர் சற்று நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. போராளிகளை மக்களிடமிருந்து பிரிப்பதற்காக மக்களையே இடம்பெயர்த்து வேலிக்குள் குடியமர்த்தும் முறை, கென்யாவுக்கு முன்னர் மலாயாவில் கையாளப்பட்டது. 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் எழுந்த புதுக்கிராமங்களை நம் நாட்டார் அறிவர். அந்த அனுபவத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியினர் கென்யாவுக்கு எடுத்துச் சென்றனர். அங்கே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்க்கப்பட்டனர். கமிரீத்துவும் அவ்வாறு உருவான குடியிருப்புகளுள் ஒன்றாயிற்று. 'ஒரு கோதுமை மணி' என நாம் பெயர்த்துச் சொல்லத்தக்க கூகியின் மூன்றாம் நாவலில், இடிக்கப்பட்ட குடிசைகளையும் அகழி தோண்டும் பெண்களையும் காணும்போது, அவை தொலைதூர நாட்டுக் காட்சிகளாக நமக்குத் தோன்றுவதில்லை.

பள்ளியில் நடந்ததும் இதற்கு இணையானதே. அவசரகாலத்தில் கிகூயு மக்கள் தாமே நடத்திவந்த பள்ளிகளை அரசு கையகப்படுத்தியது. ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. பள்ளி எல்லைக்குள் தாய்மொழி பேசிய மாணவர் பிரம்படி பெற்றனர். தம்மை முட்டாள் என அறிவிக்கும் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டனர். குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வழி இன்னும் கொடியது. ஒரு பொத்தான், தாய்மொழி பேசிய மாணவனிடம் கொடுக்கப்படும். அவன் அடுத்துப் பேசுபவனைக் கண்டுபிடித்து அதைக் கைமாற்ற வேண்டும். இவ்வாறு பிள்ளைகளே ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கப் பயிற்றுவிக்கப்பட்டனர். காட்டிக்கொடுத்தல் கூகியின் நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் கருப்பொருளாவதற்கு மாவ் மாவ் காலத்தை மட்டும் காரணமாகக் காட்டுவோர், இந்தப் பொத்தானை மறந்துவிடுகின்றனர்.

ஆங்கில நாவல்கள்

கம்பாலாவின் மக்கெரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்ற காலத்தில், 1962இல், அங்கு ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு கூடியது. சில சிறுகதைகளை மட்டுமே வெளியிட்டிருந்த மாணவர் கூகிக்கு அழைப்புக் கிடைத்தது. யொரூபா மொழியில் புகழ்பெற்ற பகுன்வாவுக்கும் சுவாகிலிப் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கும் அம்மாநாட்டில் இடமில்லை. அழைப்பின் தலைப்பே அவர்களை விலக்கியது. அடுத்த ஆண்டு நைஜீரியத் திறனாய்வாளர் ஓபி வாலி, ஐரோப்பிய மொழிகளில் எழுதப்படும் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தை நோக்கிச் செல்கிறது என்று வாதிட்டார். சினுவா அச்செபே, ஆங்கிலத்தை ஆப்பிரிக்க அனுபவத்தைத் தாங்குமாறு வளைத்துக்கொள்ளலாம் என்ற மறுநிலையை எடுத்தார். கூகி அப்போது வாலியின் பக்கம் நிற்கவில்லை. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் அவருடைய மூன்று ஆங்கில நாவல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன.

முதல் இரண்டையும் இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 'இடையில் ஓடும் நதி' என்று தமிழில் அறியப்படும் நாவல், கிறித்தவம் ஏற்ற முகடும் மரபைப் பேணும் முகடும் எதிரெதிரே நிற்க, இடையில் கல்வியை மட்டும் நம்பி அழியும் வையாக்கியின் கதை. இளமைக்குரிய எளிமையும் எளிமைக்குரிய குறைகளும் அதில் உண்டு. மூன்றாம் நாவலோ வேறு தளத்தைச் சேர்ந்தது. 1963 டிசம்பர் 12 அன்று விடுதலை விழாவுக்குத் தபாய் என்னும் ஊர் ஆயத்தமாகிறது. தூக்கிலிடப்பட்ட போராளி கிஹிகாவைப் போற்றி உரையாற்ற, தடுப்பு முகாமில் துன்புற்ற மூகோவை ஊர் அழைக்கிறது. கிஹிகாவைக் காட்டிக்கொடுத்தவன் மூகோவே என்பது மெல்ல மெல்ல வெளிப்படுகிறது. இந்நாவலில் கறைபடாத மனிதர் ஏறக்குறைய எவருமில்லை. முகாமிலிருந்து விடுபடுவதற்காக உறுதிமொழி இரகசியத்தை ஒப்புக்கொண்ட கிகோன்யோ, கணவனுக்காகக் காத்திருந்தும் ஒரு கணத்தில் தளர்ந்த மும்பி, வெள்ளையனிடம் பணிசெய்த கரஞ்ஜா என ஒவ்வொருவரும் தத்தம் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றனர். விடுதலை என்பது தியாகியர் பட்டியலைப் படிக்கும் நாள் என்று எண்ணியிருந்த புதிய அரசுக்கு இதைவிடச் சங்கடமான நூல் இருந்திருக்க இயலாது.

நம் கருத்தில், கூகி எழுதியவற்றுள் கலைமுதிர்ச்சி மிக்க நாவல் இதுவே. இதைக் கூறுவது நம் வாதத்திற்கே இடையூறாகக் கூடும். ஆயினும் உண்மையை மறைத்துப் பயனில்லை. காலத்தை முன்னும் பின்னுமாக மடித்து, ஒருவர் நினைவிலிருந்து மற்றொருவர் நினைவுக்குத் தாவி, வாசகனைத் தனியே அமர்த்திக் குற்றவுணர்வின் அடுக்குகளை அவிழ்க்கச் செய்யும் இந்த உத்தியில் கான்ராடின் தாக்கம் உண்டு என்பதைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். தனிமையில் மௌனமாகப் படிக்கும் வாசகனுக்கே இந்த உத்தி உரியது. தபாய் ஊராருள் அவ்வாறு படிக்கக்கூடியவர் எத்தனை பேர்? மும்பியோ கிகோன்யோவோ தம் கதையைத் தாமே படிக்க இயலாது. கூகியை உள்ளூர அரித்த வினா இது. மொழிப்பற்று என்னும் பொதுச்சொல் இவ்வினாவின் கூர்மையை மழுக்கிவிடுகிறது.

1977

1968இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் தபான் லோ லியோங், ஓவுவோர் அன்யும்பா ஆகியோரோடு இணைந்து, ஆங்கிலத் துறையை ஒழித்து ஆப்பிரிக்க இலக்கியத்தை மையமாகக் கொண்ட துறையை அமைக்க வேண்டும் என்று கூகி அறிக்கை அளித்தார். வாய்மொழி இலக்கியத்தை அந்த அறிக்கை பாடத்திட்டத்தின் நடுவே வைத்தது. பல்கலைக்கழகத்தின் மொழித் துறைகளில் பணியாற்றும் நமக்கு அவ்வறிக்கை இன்றும் சில அமைதியின்மைகளைத் தரவல்லது.

எனினும் திருப்புமுனை வளாகத்திற்கு வெளியே நிகழ்ந்தது. 1977ஆம் ஆண்டில் கூகி இரு படைப்புகளை வெளிக்கொணர்ந்தார். ஒன்று, 'குருதி இதழ்கள்' என்று பெயர்க்கத்தக்க பெரிய ஆங்கில நாவல். இல்மொரோக் என்னும் வறண்ட சிற்றூர், தேங்கெட்டா மதுவாலை நகரமாக உருமாறுவதையும், அதன் உரிமையாளர் மூவர் கொல்லப்படுவதையும், விடுதலைக்குப் பிந்திய ஆளும் வகுப்பின் பேராசையையும் அந்நாவல் ஒளிவுமறைவின்றிச் சித்திரிக்கிறது. மற்றொன்று, கூகி வா மிரீயுடன் இணைந்து கிகூயுவில் எழுதிய 'நான் விரும்பும்போது மணப்பேன்' என்ற பொருள்படும் நாடகம். ஒன்றரை ஏக்கர் நிலத்திற்கான பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் ஏழைத் தொழிலாளி கிகூண்டா, தேவாலயத் திருமணத்திற்காகக் கடன்பட்டு அந்நிலத்தை முதலாளியிடம் இழப்பதே அதன் கதை.

இவ்விரண்டையும் அரசு எவ்வாறு எதிர்கொண்டது என்பது மிகவும் கருதத்தக்கது. ஆளும் வகுப்பைக் கடுமையாகச் சாடிய ஆங்கில நாவலை அன்றைய நிதியமைச்சர் மவாய் கிபாக்கி நைரோபியில் வெளியிட்டு வைத்தார். நாடகம் அக்டோபர் 2 அன்று அரங்கேறியது. நவம்பர் 16 அன்று அதன் உரிமம் திரும்பப் பெறப்பட்டது. டிசம்பர் 31 அன்று கூகி கைதானார். குற்றச்சாட்டும் இல்லை, வழக்கு விசாரணையும் இல்லை. கமிட்டிச் சிறையில் ஏறத்தாழ ஓராண்டு. கென்யாட்டா மறைந்த பின்னரே, 1978 டிசம்பரில், அவர் விடுதலையானார். சொல்லப்பட்ட கருத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. கேட்டவர் வேறு. ஆங்கிலத்தில் சாடினால் இலக்கியம், கிகூயுவில் சாடினால் கலகம் என்று அரசே தெளிவாக வகுத்துக் காட்டிவிட்டது. கூகியின் மொழிக் கொள்கைக்கு இதைவிடச் சிறந்த உரையாசிரியர் வாய்த்ததில்லை.

நாடகம் உருவான விதமும் விரிவாகக் காணத்தக்கது. கமிரீத்துவின் சமூகக் கல்விப் பண்பாட்டு மையத்தில் ஊரார் தாமே திறந்தவெளி அரங்கைக் கட்டினர். தேயிலைத் தோட்டத் தொழிலாளரும், அருகிலிருந்த பன்னாட்டுக் காலணித் தொழிற்சாலையின் தொழிலாளரும், வேலையற்ற இளைஞரும், முதிய பெண்களும் நடிகராயினர். ஒத்திகைகள் அனைவர் முன்னிலையிலும் நடைபெற்றன. கிகூயு மொழிநடையில் எழுத்தாளர்கள் செய்த பிழைகளை முதியவர்கள் திருத்தினர். எந்த வயதினர் எவ்வாறு பேசுவர், சடங்குப் பாடலில் எச்சொல் வரும் என்பவற்றைப் பட்டம் பெற்றவர்கள் பாமரரிடம் கற்றுக்கொண்டனர். எழுத்தாளர் தம் மொழியில் மாணவராக அமர நேர்ந்த இந்நிகழ்ச்சி, மொழிக்குத் திரும்புதல் என்னும் வழக்கமான தொடரை ஐயுறச் செய்கிறது. கூகி திரும்பிச் சென்ற இடத்தில் மொழி அவருக்காக ஆயத்தமாகக் காத்திருக்கவில்லை. அவர் அதைப் பிறருடன் சேர்ந்து ஈட்ட வேண்டியிருந்தது.

சாத்தானின் விருந்து

சிறையில் கழிவறைத் தாளில் எழுதப்பட்டு 1980இல் வெளிவந்த கிகூயு நாவல், தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் அறிமுகமாகியுள்ளது. முன்னைய நாவல்களின் உளவியல் நுட்பத்தை இதில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். இதன் கதைசொல்லி, கிச்சாண்டி இசைக்கும் பாணன். கிச்சாண்டி என்பது சித்திரக் குறிகள் பொறிக்கப்பட்ட சுரைக்குடுவைக் கருவி. அதை ஆட்டியவாறே பாணர் இருவர் புதிர்ப்பாடல்களால் போட்டியிடுவது கிகூயு மரபு. அப்பாணனிடம் ஊர்த்தாய் ஒருத்தி வந்து, வரீங்காவின் கதையைச் சொல்லுமாறு வேண்டுகிறாள். அக்கணமே நாவல் தன் வாசகனைத் தனியறையிலிருந்து வெளியே அழைத்துக் கூட்டத்தின் நடுவே அமர்த்திவிடுகிறது.

முதலாளியின் இச்சைக்கு இணங்காமையால் வேலையும் வாடகை வீடும் இழந்த வரீங்கா, மதாத்து எனப்படும் சிற்றுந்தில் நைரோபியிலிருந்து இல்மொரோக்குக்குப் பயணம் செய்கிறாள். உடன்வரும் பயணிகள் ஒவ்வொருவரும் தத்தம் கதையைக் கூறுகின்றனர். இல்மொரோக்கில், தற்காலத் திருட்டிலும் கொள்ளையிலும் வல்லவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடக்கிறது. அயல்நாட்டுத் திருடர்கள் நடுவர்கள். உள்ளூர்த் திருடர் ஒவ்வொருவரும் மேடையேறித் தம் பெருமையை விரித்துரைக்கின்றனர். மண்ணைச் சிறு கலங்களில் அடைத்தும் காற்றைப் புட்டிகளில் அடைத்தும் ஏழைகளுக்கு விற்கலாம் என்கிறான் ஒருவன். மற்றொருவன் நடத்திய மழலையர் பள்ளிக்கு முதலில் பிள்ளைகள் சேரவில்லை. பின்னர் வெள்ளைக் குழந்தைகளைப் போன்ற பொம்மைகளை வாங்கி நிறுத்தியதும் பெற்றோர் வரிசையில் நின்றனராம். சிரிக்காமல் இப்பகுதியைக் கடக்க இயலாது. சிரித்து முடித்தபின் நம் பிள்ளைகளை எப்பள்ளிகளில் சேர்க்க நாமே வரிசையில் நிற்கிறோம் என்ற நினைவும் எழாமல் போகாது.

பாத்திரங்கள் தட்டையானவை, உரைகள் நீளமானவை என்பது இந்நாவல்மீது வைக்கப்படும் குறை. இக்குறையின் பாதியை நாம் ஏற்கிறோம். திருடர்களின் உரைகள் நீளமாக இருப்பது குறையன்று. மிகைப்படுத்தலும் அடுக்கும் வாய்மொழிப் போட்டியின் இயல்பு. சத்தமாகப் படிக்கும்போது அவை உயிர்பெறுகின்றன. இந்நாவல் இல்லங்களிலும் மதுக்கடைகளிலும் பேருந்துகளிலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டதாகக் கூகி பதிவு செய்துள்ளார். ஆனால் தொழிலாளியான முத்தூரியின் உரைகளுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. தீயவர்களுக்கு வாய்த்த நகைச்சுவை நல்லவனுக்கு வாய்க்கவில்லை. அவன் பேசும்போதெல்லாம் பாணன் மறைந்து, துண்டறிக்கை வாசிப்பவர் வந்து நிற்கிறார். வரீங்காவின் நிலை வேறு. தன் தோற்றத்தை வெறுத்துத் தோலை வெளுக்க முயன்ற பெண், பொறியியல் கற்று, இறுதியில் தன்னைச் சீரழித்த கிழவனைச் சுட்டு வீழ்த்துகிறாள். அக்கிழவன் அவள் மணக்கவிருந்தவனின் தந்தை. நடப்பியல் நோக்கில் இம்முடிவு நம்பத்தகாதது. கூட்டத்தின் நடுவே சொல்லப்படும் கதையின் முடிவாகக் காணும்போது அதன் ஞாயம் விளங்குகிறது.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்க்குரிய ஓர் இடர்ப்பாட்டையும் சுட்ட வேண்டும். வரீங்காவைக் காதலிக்கும் கத்துயிரியா, பல்கலைக்கழகத்தில் இசை ஆராய்பவன். ஆங்கிலம் கலவாமல் கிகூயுவில் ஒரு வாக்கியத்தை முடிக்க அவனால் இயலாது. மூலத்தில் கிகூயுவின் நடுவே ஆங்கிலச் சொற்கள் அயல்முட்களாகத் துருத்தி நிற்கின்றன. கூகி தாமே செய்த 1982ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் நூல் முழுவதுமே ஆங்கிலமாகிவிட்டதால் அந்த முட்கள் மறைந்துவிட்டன. மூலத்திலேயே பிறமொழியில் இருந்த சொற்கள் சாய்வெழுத்தில் அச்சிடப்பட்டு அடையாளம் காட்டப்படுகின்றன. ஆங்கில வழியாகவே கூகியைப் பெறும் தமிழுக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. கலப்புப் பேச்சின் ஒவ்வொரு தரத்தையும் அன்றாடம் கேட்டுப் பழகிய மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் இழந்ததைத் தமிழில் மீட்டெடுக்க இயலும். மேலும் நூல்கள் பெயர்க்கப்படும்போது மொழிபெயர்ப்பாளர் அந்தச் சாய்வெழுத்துகளைக் கூர்ந்து நோக்குவது நன்று.

எழும் ஐயங்கள்

1982இல் நூல் வெளியீட்டிற்காக இலண்டன் சென்றிருந்தபோது, நாடு திரும்பினால் கைது செய்யப்படுவார் என்ற எச்சரிக்கை கிடைத்து, கூகி புலம்பெயர்ந்தவரானார். அதே ஆண்டு கமிரீத்து அரங்கம் இடித்துத் தள்ளப்பட்டது. 1986இல் வெளிவந்த 'மத்திகாரி' நாவலின் நாயகன் ஆயுதத்தைப் புதைத்துவிட்டு, நீதி எங்கே என்று ஊரூராகக் கேட்டுத் திரிபவன். மக்கள் அவனைப் பற்றிப் பேசுவதைக் கேட்ட அதிகாரிகள் உண்மை மனிதன் என்றே எண்ணி அவனைக் கைது செய்ய முற்பட்டதாகவும், கற்பனைப் பாத்திரம் எனத் தெரிந்தபின் 1987இல் நூலையே கைப்பற்றியதாகவும் ஆசிரியர் குறிப்பிட்டுள்ளார். அதே 1986இல்தான், இனித் தம் எழுத்துகள் அனைத்துக்கும் கிகூயுவும் சுவாகிலியுமே என்ற அறிவிப்போடு, மனத்தின் காலனிய நீக்கம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை நூல் வெளிவந்தது. அந்த அறிவிப்பும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

இங்குதான் நம் ஐயங்கள் எழுகின்றன. 2010 முதல் வெளிவந்த தன்வரலாற்று நூல்களைக் கூகி ஆங்கிலத்திலேயே எழுதினார். நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் கென்யாவில், அரசியல் செல்வாக்கு மிக்க பேரினத்தின் மொழியாகிய கிகூயுவில் எழுதுவதைப் பிற இனத்தார் எவ்வாறு கண்டனர் என்ற வினாவுக்கு மொழிபெயர்ப்பையே விடையாக அவர் அளித்தார். ஆப்பிரிக்க மொழிகள் ஒன்றோடொன்று நேரே உரையாட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய நாவல்களோ பிற மொழிகளை அடைவதற்கு இன்றும் ஆங்கிலமே பாலமாக நிற்கிறது. இம்முரண்களைக் கொண்டு அவரை நேர்மையற்றவர் என முடிவு கட்டுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தன்வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினாலும் புனைவை மட்டும் அவர் மீண்டும் ஆங்கிலத்தில் படைக்கவில்லை. வாதம் செய்வதற்கு ஒரு மொழியும் கனவு காண்பதற்கு ஒரு மொழியும் என அவர் வாழ்வு பிரிந்துபோயிற்று. புலம்பெயர்வு செய்த பெருந்தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. சத்தமாகப் படித்துக் கேட்ட அந்தக் கூட்டம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. பிழை திருத்த முதியவர் அருகில் இல்லை.

2004 முதல் கிகூயுவில் பகுதிகளாக வெளிவந்து, 2006இல் அவரே ஆங்கிலமாக்கிய 'காக்கை மந்திரவாதி' என்னும் மாபெரும் நாவலில் இவ்விழப்பின் தடங்களை நாம் காண்கிறோம். அபுரீரியா என்னும் கற்பனை நாட்டின் ஆட்சியாளன், வானளாவிய கட்டடத்திற்கு உலக வங்கியாளரிடம் கடன் கேட்கிறான். வெள்ளையனாக இருந்திருந்தால் என்ற ஏக்கம் முற்றி, அந்த 'இருந்தால்' என்னும் சொல் மட்டுமே தொண்டையில் சிக்கிக்கொண்ட தொழிலதிபன் தஜிரிக்கா, கூகி படைத்த நகைச்சுவைப் பாத்திரங்களுள் தலையானவன். வதந்தியே கதைசொல்லியாகும் பகுதிகள் அற்புதமானவை. ஆயினும் எழுநூறு பக்கங்களுக்கு மேல் நீளும் அந்நூலில், கேட்போர் சோர்வதைக் கண்டு கதையைச் சுருக்கும் பாணனின் எச்சரிக்கை இல்லை. நாவலின் நாயகனுக்குக் கூகி சூட்டிய பெயர் கமிட்டி. அவர் அடைபட்ட சிறையின் பெயரும் அதுவே.

எண்பது வயதில், 2018இல், அவர் வெளியிட்ட கிகூயு நூல் செய்யுள் வடிவிலானது. கிகூயு இனத்தின் முதற்பெற்றோரையும் குலங்களுக்குத் தாயரான புதல்வியரையும் பற்றிய தொன்மக் காப்பியம் அது. அதன் ஆங்கில வடிவம் 2021ஆம் ஆண்டு அனைத்துலக புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஆப்பிரிக்காவின் தாயக மொழியொன்றில் எழுதப்பட்ட நூல் அப்பட்டியலை எட்டியது அதுவே முதன்முறை. நடுவர்கள் படித்தது ஆங்கிலத்தை. கூகி எழுதியது, ஒருவர் பாடப் பலர் கேட்பதற்குரிய யாப்பில்.